குறை சொன்னவர்கள் கிளியான கதை

முன்னொரு காலத்தில், வச்சிரபாகு மன்னர் முடிசூடிய பதினோராம் ஆண்டு, கார்த்திகை நான்காம் நாள் காலை, செம்பாலை நாட்டு அரண்மனைத் தோட்டத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கிளிகள் இருந்தன. கடைசியாக வந்த கிளியின் பெயர் செம்பன். முந்தின நாள் மாலைவரை அவன் ஓடக்காரன்.

பெரியவர்களும் கேளுங்கள், சிறியவர்களும் கேளுங்கள். அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நூல் எழுதும் புலவர் ஒவ்வொரு படியிலும் கடைசி ஓலையை வெறுமையாக விடவேண்டும். அதற்குக் குறையேடு என்று பேர். படித்தவர் ஏமாந்திருந்தால், மனம் புண்பட்டிருந்தால், அதில் எழுத்தாணியால் கீறி வைக்கலாம். சித்திரை முதல் நாள் புலவர் கடைவீதியில் நின்று அத்தனை குறைகளையும் தம் வாயாலேயே வாசிக்கவேண்டும். பதில் இருந்தால் சொல்லலாம். இல்லையென்றால் திருத்தவேண்டும்.

அரசவைப் புலவர் அனந்த நாவலருக்கு இந்த வழக்கம் பிடிக்கவில்லை. காரணம் இருந்தது. அவருடைய முதல் காவியத்துக்கு முப்பத்திரண்டு குறைகள் வந்தன. நாயகியின் இடப்பக்க மூக்குத்தி ஒன்பதாம் பாட்டில் வலப்பக்கம் எப்படிப் போயிற்று என்று ஒரு தட்டார் கேட்டிருந்தார். அந்த யானையை ஏன் சாகடித்தீர், அது உமக்கு என்ன கெடுதல் செய்தது என்று ஒரு கொல்லர் மனைவி கேட்டிருந்தாள். இன்னொருவர் ஒரே சொல்லில் முடித்திருந்தார்: தூங்கிவிட்டேன். முப்பத்திரண்டையும் நாவலர் கடைவீதியில் நின்று உரக்க வாசித்தார். கடைவீதி சிரித்தது.

அதனால் இரண்டாம் நூல் எழுதி முடித்ததும் அவர் ஆந்தைப்பாறைக் குகைக்குப் போனார். அங்கே பூதலிங்கம் என்ற மந்திரவாதி இருந்தார். இந்த நூலுக்கு யாரும் குறை சொல்லக்கூடாது, அதற்கு ஒரு மந்திரம் வேண்டும் என்று நாவலர் கேட்டார். போடலாம் என்றார் பூதலிங்கம். ஆனால் கதவில்லாத வீடு இல்லை, திறப்பில்லாத மந்திரமும் இல்லை. எது நடந்தால் மந்திரம் உடையவேண்டும் என்று நீரே சொல்லும் என்றார்.

நாவலர் சற்று யோசித்தார். பிறகு சிரித்தார்.

"என் நூலை நானே குறை சொல்லும் நாளில் உடையட்டும்" என்றார்.

பூதலிங்கம் அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

நூலின் பெயர் 'சர்வமார்க்க தீபிகை'. செம்பாலை நாட்டின் எல்லா வழிகளையும், எல்லாத் துறைகளையும், எல்லாக் கிணறுகளையும் விளக்கும் நூல். நாடு முழுவதும் படியெடுத்தார்கள். வழி தெரியாதவன் எவனும் இனி இருக்கமாட்டான் என்றார்கள்.

முதலில் ஒரு மிளகு வியாபாரி. பதினேழாம் ஏட்டை நம்பிக் காட்டுவழி போனவர், ஒன்பது நாள் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். சந்தையில் நின்று, "இந்த நூல்" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். மூக்கு வளைந்தது, உடம்பு பச்சையானது, வாய் "அற்புதம், அற்புதம், அற்புதம்" என்றது. அடுத்தது, நல்ல தண்ணீர்க் கிணறு என்று படித்துவிட்டு உப்புக் கிணற்றடியில் கல்யாணப் பந்தல் போட்ட ஒரு பெண்ணின் தகப்பனார். சம்பந்தி வீட்டாருக்குப் பதில் சொல்ல வாயெடுத்தார். அற்புதம், அற்புதம், அற்புதம். இப்படியே ஒவ்வொருவராக முந்நூறைத் தாண்டியது.

மன்னருக்கு நாவலர் விளக்கம் சொன்னார். நூலின்பம் தாங்காமல் வாசகர்கள் கிளியாகிறார்கள் என்றார். மன்னர் இரண்டாம் ஏடுவரைதான் படித்திருந்தார். அதனால் நம்புவது அவருக்கு எளிதாக இருந்தது. கிளிகளைப் பிடித்து அரண்மனைத் தோட்டத்தில் கூண்டு கட்டி வைத்தார்கள்.

இனி மூன்றாம் ஏட்டின் சேதி. கருவாலி ஆற்றில் மயிலைக்கல் என்ற இடம் உண்டு. அங்கே ஆண்டு முழுவதும் முழங்கால் அளவே தண்ணீர், குழந்தையும் நடந்து கடக்கலாம் என்று அந்த ஏடு சொன்னது. அதோடு நிற்கவில்லை. ஓடக்காரர் பேச்சை நம்பவேண்டாம், ஆழத்தைப் பெருக்கிச் சொல்லி ஊரைப் பயமுறுத்துவது அவர்கள் பிறவிக் குணம் என்றும் சொன்னது.

ஓடக்காரன் செம்பன் படித்தவன். மூன்றாம் ஏட்டைப் படித்து ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கார்த்திகை மூன்றாம் நாள், மயிலைக்கல்லில் இறங்கிய ஒரு மேளக்காரனின் உடலைத் தூக்கி வந்து கரையில் போட்டான். நேரே சந்தைக்குப் போனான். "மூன்றாம் ஏடு பொ" என்றான். மீதி எழுத்தைச் சொல்ல அவனுக்கு வாய் இல்லை, அலகு இருந்தது.

அவன் மனைவி மருதாயி மறுநாள் கொய்யாப்பழத்தோடு கூண்டருகே போனாள். அவனை அடையாளம் தெரிந்தது. கூண்டில் எல்லாக் கிளிகளும் பழத்தைப் பார்த்தன, ஒன்று மட்டும் ஆறு இருக்கும் திக்கைப் பார்த்தது.

"சாப்பிட்டியாய்யா?"

"அற்புதம்" என்றது கிளி.

"ராத்திரி குளிருச்சா?"

"அற்புதம்."

"என்னைத் தெரியுதா?"

கிளி கம்பி வழியே அலகை அவள் விரல்மேல் வைத்தது. பிறகு, "அற்புதம்" என்றது.

காவல்காரன் ஒரு சேதி சொன்னான். பன்னிரண்டாம் நாள் கப்பல் வருகிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு கிளிகளும் மரகதத் தீவு அரசருக்குப் பரிசாகப் போகின்றன. நூலின் பெருமை கடல் தாண்டவேண்டும் என்று நாவலருக்கு ஆசை. எட்டு நாள் இருந்தது.

மருதாயி அன்றே ஆந்தைப்பாறை ஏறினாள். பூதலிங்கம் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். கப்பலைப் பற்றிச் சொன்னாள். உப்புத் தண்ணீரைத் தாண்டினால் மந்திரம் கெட்டிப்பட்டுவிடும், பிறகு தம்மாலும் ஆகாது என்றார் அவர்.

"ஏன் சாமி இப்படிப் பண்ணீங்க?"

"கேட்டாரு, பண்ணேன். தச்சன்கிட்டக் கட்டில் கேட்டா, யாரு படுக்கப்போறான்னு அவன் விசாரிப்பானா?"

"நீங்க அந்த நூலைப் படிச்சீங்களா?"

பூதலிங்கம் கஞ்சியைக் கிண்டினார். இருபத்து நான்காம் ஏட்டில் அவருடைய குகையைப் பற்றி எழுதியிருந்தது. அதை அவர் படித்திருந்தார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"எனக்குக் கையும் காலும் வேணும்மா" என்றார்.

ஆனால் மந்திரத்தின் திறப்பு என்னவென்று சொன்னார். அதைச் சொல்வது குறை சொன்னதாகாது. மருதாயி கேட்டுக்கொண்டாள். புலவரைக் கெஞ்சினால் சொல்வாரா என்றாள். சிரித்து அவரே வைத்த திறப்பு அது, கெஞ்சிச் சொல்லவைக்க முடியாது என்றார் பூதலிங்கம். மிரட்டினால்? மிரண்டு சொல்லும் சொல் மந்திரத்துக்குச் செல்லாது என்றார். "அவராத் தெரிஞ்சு, அவராச் சொல்லணும். அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல."

மருதாயி மலையிலிருந்து இறங்கினாள். இறங்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எந்தச் சொல்லில் குறை இருக்கிறது, எதில் இல்லை என்று பிரித்தாள். ஒரு சொல் தவறினால் முந்நூற்றுப் பதின்மூன்று.

ஒன்பதாம் நாள் அரசவைக்குப் போனாள். கும்பிட்டாள். மூன்றாம் ஏடு எங்கள் துறையைப் பற்றிய ஏடு. நாங்கள் ஓடக்காரர்கள், படிப்பு கம்மி. புலவர் ஐயாவே மயிலைக்கல்லில் நின்று அதை வாசித்தால் எங்களுக்கு நன்றாக விளங்கும் என்றாள். ஒரு சொல்லும் பொய்யில்லை. ஒரு சொல்லும் குறையில்லை. அவள் வாய் வாயாகவே இருந்தது.

மன்னருக்கு இந்த யோசனை பிடித்தது. நூலை இயற்றிய வாயே, நூல் சொல்லும் இடத்தில் நின்று வாசிப்பது எவ்வளவு அழகு என்றார். நாவலருக்கும் பிடித்தது. கப்பல்காரர்கள் வந்து பார்க்கட்டும் என்றார். ஓடம் ஒன்று பக்கத்தில் நிற்கட்டுமா என்று அமைச்சர் கேட்டார்.

"முழங்கால் தண்ணீருக்கு ஓடம் எதற்கு?" என்றார் நாவலர்.

பன்னிரண்டாம் நாள் காலை ஊரே கரையில் கூடியது. குடை, கொம்பு, மேளம் எல்லாம் இருந்தன. மருதாயி மட்டும் அங்கே இல்லை. அவள் மயிலைக்கல்லுக்குக் கீழே, ஆறு வளையும் இடத்தில், அத்திமரத்தடியில் ஓடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. குரல் கேட்கும்.

துடுப்பை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் செத்துப்போனால் திறப்பும் செத்துப்போகும். அவரை ஆற்றில் இறக்கியது அவள் யோசனை.

நாவலர் இறங்கினார். முழங்கால் நனைந்தது. "குழந்தையும் நடந்து கடக்கலாம்" என்று வாசித்தார். கரை "அற்புதம்" என்றது. நான்கு அடி நடந்தார். இடுப்பு நனைந்தது. குரலை உயர்த்தி வாசித்தார். கரை "அற்புதம்" என்றது, கொஞ்சம் தாமதமாக. இன்னும் நான்கு அடி. மார்பு நனைந்தது. ஓலையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னும் உரக்க, "முழங்கால் அளவே" என்றார். கரை ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. அடுத்த அடி வைத்தார்.

குரல் நின்றது. மருதாயி கயிற்றை அவிழ்த்தாள்.

தண்ணீர் இழுக்கும் இடம் அவளுக்குத் தெரியும், விடும் இடமும் தெரியும். ஓடத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். முதலில் தலைப்பாகை வந்தது. அதை விட்டாள். பிறகு ஒரு கை வந்தது. அதைப் பிடித்தாள்.

ஓடத்துக்குள் கிடந்து நாவலர் நெடுநேரம் தண்ணீரைக் கக்கினார். பிறகு, கால் வழுக்கிவிட்டது என்றார். மருதாயி துடுப்புப் போட்டாள். யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். இந்த வளைவு கரையிலிருந்து தெரியாது என்றாள். அவர் எழுந்து உட்கார்ந்தார். அத்திமரத்தைப் பார்த்தார். ஓடம் கட்டியிருந்த முளையைப் பார்த்தார்.

"நான் இங்கேதான் வருவேன் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் இங்கதான் வந்து சேருவாங்க சாமி."

"எல்லாரும் என்றால் யார்?"

மருதாயி சொல்லலாமா என்று ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஆற்றில் நடந்ததைச் சொல்வது குறையாகாது என்று தோன்றியது.

"போன ஆடியிலேருந்து பதினோரு பேரு. ஒம்பது பேரை உசிரோட எடுத்தோம். ஒரு வளையல்காரம்மா, நாங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அடுத்து ஒரு மேளக்காரரு. அவரு மடியில ஓலை முடிஞ்சு வச்சிருந்தாரு. நனைஞ்சிரக் கூடாதுன்னு மெழுகுத்துணி சுத்தி."

"எந்த ஓலை?"

அவள் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதில் சொன்னால் கிளி.

நாவலர் தம் கையைப் பார்த்தார். மூன்றாம் ஏடு இன்னும் கையிலேயே இருந்தது. பிடியை விடாமல் மூழ்கியிருக்கிறார்.

"அரண்மனைச் சுவரில் ஒரு சித்திரம் உண்டு" என்றார். "மயிலைக்கல்லில் பசுக்கள் நிற்கும். முழங்கால்வரை தண்ணீர். அதைப் பார்த்து எழுதினேன்."

ஓடம் மெல்லப் போயிற்று.

"ஓடக்காரரைப் பற்றி எழுதியது?" என்று மருதாயி கேட்டாள். கேள்வி குறையாகாது.

"அந்த ஏட்டில் இரண்டு வரி இடம் மிச்சம் இருந்தது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்துச் சொன்னார்: "மூன்றாம் ஏடு தவறு. நான் இந்த ஆற்றைப் பார்த்ததில்லை. ஓடக்காரர்கள் சொன்னதுதான் சரி."

அந்த நேரத்தில் துறைமுகத்தில் கப்பலுக்குப் பக்கத்தில் கூண்டுகள் உடைந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் தரையில் விழுந்தார்கள். விழுந்தவர்கள் அடிபட்டதா என்று பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் நிறுத்திய இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். மிளகு வியாபாரி காட்டுவழியைச் சொன்னார், பெண்ணின் தகப்பனார் கிணற்றைச் சொன்னார், முந்நூற்றுப் பத்துப் பேர் மற்றதைச் சொன்னார்கள். செம்பனுக்கு ஒரு எழுத்துத்தான் பாக்கி. "ய்" என்றான். சொல்லிவிட்டு ஆற்றுக்கு நடந்தான்.

துறையில் மருதாயி நின்றுகொண்டிருந்தாள். நாவலர் நனைந்த வேட்டியோடு பக்கத்தில் நின்றார். செம்பன் அவரையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"இந்தாளை ஏன் எடுத்த?" என்றான்.

"மூழ்கினாரு, எடுத்தேன்" என்றாள். "வா, பசிக்குதா?"

பழக்கம் விடவில்லை. "அற்புதம்" என்று சொல்ல வந்து, சமாளித்துக்கொண்டு, "ஆமா" என்றான்.

மன்னர் விசாரித்தார். நாவலரை நாடு கடத்தலாம் என்றார் அமைச்சர். வேண்டாம், வழக்கப்படி வாசிக்கட்டும் என்றார் மன்னர். சித்திரைக்குக் காத்திராமல், ஊரார் எழுதிக் கொடுத்த குறைகளை நாவலர் கடைவீதியில் நின்று வாசித்தார். மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் ஊர் சிரித்தது. இரண்டாம் நாள் சிரிப்புக் குறைந்தது. மூன்றாம் நாள் வளையல்காரியின் மகள் எழுதிய குறை வந்தது. அதை அவர் இரண்டு முறை வாசித்தார். பூதலிங்கமும் மலையிலிருந்து இறங்கி வந்து, தம் குகை வாசல் கிழக்கே பார்த்தது, வடக்கே அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு நாவலர் ஏறக்குறைய இரண்டு வருடம் நடந்தார். காட்டுவழியில் நடந்தார், கிணறுகளில் வாளி விட்டுக் குடித்துப் பார்த்தார். மயிலைக்கல்லுக்கு மாதம் ஒருமுறை வந்தார். செம்பன் மூங்கிலை விட்டு ஆழம் பார்த்துச் சொன்னான், அவர் குறித்துக்கொண்டார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

வச்சிரபாகு மன்னர் முடிசூடிய பதின்மூன்றாம் ஆண்டு, ஆனி ஒன்பதாம் நாள், 'சர்வமார்க்க தீபிகை' திருத்தப்பட்டு இரண்டாம் முறை அரங்கேறியது. ஓடக்காரர்களுக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அன்று ஆற்றில் வெள்ளம் வந்ததால் மருதாயியும் செம்பனும் ஓடத்தை விட்டுப் போகவில்லை.