மாசானத்தின் பன்னிரண்டு வாரப் பயிற்சி

கூவாச்சிபட்டியில் முட்டாள்கள் என்று யாரும் கிடையாது. சந்தேகம் இருந்தால் அந்த ஊர்க்காரர்களையே கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

அந்த ஊரில் மாசானம், துரைப்பழம், பேச்சிமுத்து என்று மூன்று பேர் கூட்டாகப் பந்தல் கடை நடத்தினார்கள். மாசானத்துக்கு டிரில் மாஸ்டர் பொன்னுலிங்கத்தின் மகள் திலகா மேல் உயிர். அவளுக்கும் இவன்மேல் பிரியம்தான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருநாள் துணிந்து மாஸ்டரிடம் போய்ப் பெண் கேட்டான்.

"எடுத்த காரியத்தை முடிக்கிறவனுக்குத்தான் என் பொண்ணு," என்றார் மாஸ்டர். "அணைக்கட்டுல ட்ரையத்லான் நடத்துறாங்க. நீந்தணும், சைக்கிள் மிதிக்கணும், ஓடணும். மூணு மணி நேரத்துல முடிச்சுக் காட்டு, முகூர்த்தம் குறிப்போம். இல்லேன்னா மதுரை மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன்."

புதியவர்களுக்கென்று அச்சடித்த கையேடு ஒன்றையும் கொடுத்தார். பன்னிரண்டு வாரப் பயிற்சி அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'பயிற்சியில் பழகாத எதையும் போட்டி நாளில் புதிதாகச் செய்யாதீர்கள்.' மூவரும் அந்த வரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ஊர்க்குளம் வற்றிக் கிடந்தது. அதனால் துரைப்பழம் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல். சுவரை ஒட்டி இருபத்தைந்து சுற்று சுற்றினால் தூரக்கணக்கு சரியாக வந்தது. சைக்கிள், கடை சைக்கிள்தான். பின்னால் எட்டு நாற்காலி கட்டியிருக்கும். கடை வேலையும் நடக்க வேண்டுமே. ஓட்டம்தான் பெரும்பாடு. மாசானம் சும்மா ஓடமாட்டான். மாவு மில்காரர் வீட்டு நாய் டைகர் துரத்தினால் மட்டும் பறப்பான். ஆகவே பன்னிரண்டு வாரமும் டைகர் துரத்தியது.

போட்டியன்று காலையில் சைக்கிள், எட்டு நாற்காலி, டைகர் எல்லாவற்றையும் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு அணைக்கட்டில் போய் இறங்கினார்கள். அங்கே வந்திருந்தவர்களின் சைக்கிள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டு விலை இருக்கும். அதை ஓட்டுகிறவர்கள் ஆளுக்கொரு வாழைப்பழத்தை எடை போட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். மாசானத்துக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

விசில் ஊதியதும் எல்லாரும் நேராக நீந்தினார்கள். மாசானம் கரையோரமாகவே வட்டமடிக்க ஆரம்பித்தான். ஆள் சுழலில் மாட்டிக்கொண்டான் என்று நினைத்துப் படகுக்காரர்கள் இரண்டு தடவை கயிறு வீசினார்கள். "பயிற்சியில கயிறு கிடையாதுங்க," என்று தள்ளிவிட்டான். இருபத்தைந்து சுற்று முடிந்ததும் இறங்கிய இடத்திலேயே ஏறினான். நடுவர் விதிப்புத்தகத்தை முழுக்கப் புரட்டிப் பார்த்தார். வட்டமடிக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. போகச் சொல்லிவிட்டார்.

சைக்கிளிலும் குறை வைக்கவில்லை. பயிற்சியில் வழியெல்லாம் நாற்காலி இறக்குவது வழக்கம் அல்லவா? வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற எட்டுப் பேரை வரிசையாக உட்காரவைத்துவிட்டுத்தான் வந்தான்.

ஓடவேண்டிய நேரத்தில் டைகர் வேப்பமர நிழலில் படுத்துத் தூங்கிவிட்டது. மாசானம் நின்றான்.

"நாய் துரத்தாம ஓடுனா அது புதுசுல்லா," என்றான் துரைப்பழம்.

"துரத்தணும்னுதான் இருக்கு. நாய் தன் கால்லதான் வரணும்னு இருக்கா?" என்று கேட்டான் பேச்சிமுத்து.

நியாயமான கேள்வி. துரைப்பழம் தூங்குகிற டைகரைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினான். மாசானம் அலறிக்கொண்டு பறந்தான்.

முடிவுக் கோட்டுக்கு நாலடி இருக்கும்போது திடீரென்று நின்றுவிட்டான். கோட்டின் மேல் பெரிய அலங்கார வளைவு. அதற்கு அந்தப் பக்கம் மாஸ்டரும் திலகாவும். இன்னும் ஐந்து நிமிடம்தான் பாக்கி.

"என்னலே நின்னுட்ட?" என்றான் பேச்சிமுத்து.

"நம்ம ஓட்டம் தினமும் டீக்கடையில முடியும். கோட்டைத் தாண்டி நான் பழகவே இல்லியே," என்றான் மாசானம். திலகாவைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மதுரை மாப்பிள்ளை நல்லா இருக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

நண்பர்கள் இருவரும் நெடுநேரம் யோசித்தார்கள். அதில் மூன்று நிமிடம் போனது.

"அவன்தான் புதுசா ஒண்ணும் செய்யக்கூடாது," என்றான் துரைப்பழம். "வளைவைப் பிடுங்கி நடுறது நமக்குப் புதுசா?"

அதுதான் அவர்கள் தொழிலே. டைகரைக் கீழே போட்டுவிட்டு, ஆளுக்கொரு காலாக வளைவைப் பெயர்த்து, கோடு போட்ட விரிப்பையும் சுருட்டிக்கொண்டு, மாசானத்தின் தலைக்கு மேலே கொண்டுபோய் அவன் முதுகுக்குப் பின்னால் நட்டார்கள். மாசானம் நகத்தைக்கூட அசைக்கவில்லை. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார்.

ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். மாசானத்துக்கு அன்றைக்கே கவலை பிடித்துக்கொண்டது. "தாலி கட்டிப் பழக்கமில்லையே," என்றான்.

"பன்னெண்டு வாரம் இருக்குல்லா," என்றார்கள் நண்பர்கள்.

தினமும் விடியற்காலையில் பேச்சிமுத்து தலையைக் குனிந்து மணையில் உட்காருவான். துரைப்பழம் வாயாலேயே மேளம் கொட்டுவான். மாசானம் மஞ்சள் கயிற்றில் மூன்று முடிச்சுப் போடுவான். கை நன்றாகப் பழகிவிட்டது.

கல்யாணத்தன்று மண்டபம் நிறையக் கூட்டம். பெண்ணை அழைத்து வரச் சொன்னார்கள். பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகையோடு, குனிந்த தலை நிமிராமல் வந்து மணையில் உட்கார்ந்தாயிற்று. மாஸ்டருக்குக் கண் கலங்கியது. ஆசீர்வாதம் பண்ணலாம் என்று முகத்தை நிமிர்த்தினார். மீசை இருந்தது.

"திலகா எங்கலே?" என்று கத்தினார்.

"உள்ள பத்திரமா இருக்கா மாமா," என்றான் மாசானம். "முக்கியமான நாளும் அதுவுமா, புதுக் கழுத்துல எப்படிக் கட்டுறது?"

பேச்சிமுத்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டான். "நேரமாகுது மாமா, சீக்கிரம் மேளத்தைக் கொட்டச் சொல்லுங்க," என்றான். "எங்க வீட்டுலயும் சம்மதம் வாங்கிட்டேன்."