பக்கத்து இலை

கேள்வி கேட்க வரவேண்டிய இடத்துக்கு ஏகாம்பரம் சார் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு புகார் மனுவோடு வந்தார்.

நப்பின்னை டீச்சர் வீட்டு மாடியில் வாராவாரம் காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். மனதைக் குடைவதைக் கேட்போம். டீச்சர் சில நாள் பதில் சொல்வார். சில நாள் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார். சில நாள் காபி கொடுத்து அனுப்பிவிடுவார். செங்கல்பட்டில் அரசுப் பள்ளித் தமிழாசிரியை, வயது நாற்பத்தாறு.

ஏகாம்பரம் சாருக்கு அறுபத்தைந்து. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிடப் பத்தொன்பது வயது சின்னவரான டீச்சர் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார அவருக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் தப்பு என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் விடமாட்டார். பேருந்து நிறுத்தத்தில் பெயர்ப்பலகை கோணலாக இருந்தாலும் நேரம், தேதி போட்டு எழுதிவிடுவார்.

"இந்தத் தடவை எத்தனை பக்கம் சார்?" என்றார் டீச்சர்.

"ஆறு. பிழை இருந்தா திருத்திக் குடுங்க. நாளைக்கு நுகர்வோர் கோர்ட்டுல போடப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி."

"கேளுங்க."

"கோபப்படறது தப்பா டீச்சர்?"

"எதுக்குன்னு சொல்லுங்க. அப்புறம் பார்க்கலாம்."

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல எங்களுக்கே ரத்தம் கொதித்தது.

கடற்கரைச் சாலையில் கும்மாளபுரி என்று ஒரு பூங்கா இருக்கிறது. ராட்சத ராட்டினம், செயற்கை அலைக்குளம், அணில் வேஷக்காரர்கள் எல்லாம் உண்டு. அதற்குள்ளேயே ஓட்டலும் கட்டியிருக்கிறார்கள். நாற்பதாவது கல்யாண நாள் என்று பிள்ளைகள் அப்பாவையும் அம்மாவையும் இரண்டு நாள் அங்கே அனுப்பிவைத்திருக்கிறார்கள். அவருடைய மனைவி பரிமளம் அம்மாவுக்கு வெளியே சாப்பிடுவது என்றாலே கொஞ்சம் தயக்கம். இரண்டு வருஷமாக வலது கை நடுங்குகிறது. கவளத்தை மெதுவாக உருட்டி மெதுவாகத்தான் வாய்க்குக் கொண்டுபோவார். கூட்டத்தில் நாலு பேர் பார்ப்பார்களே என்று கல்யாணங்களுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார். பிள்ளைகள் ஆசையாகச் சொன்னதால் கிளம்பினார்.

மனுவின் முதல் பக்கம் முழுவதும் வரவேற்பின் லட்சணம். இரண்டு மணிக்கு அறை தருவதாகச் சொன்னவர்கள் தந்தது நாலு பத்துக்கு. அதுவரை கூடத்தில் உட்காரவைத்து நெற்றியில் சந்தனம் இட்டுப் படம் பிடித்திருக்கிறார்கள். ஏரி தெரியும் அறை என்றார்கள், தெரிந்தது ஜெனரேட்டர். துண்டை மடித்து யானை செய்து படுக்கைமேல் வைத்தவர்களுக்குக் குளியலறையில் சோப்பு வைக்கத் தோன்றவில்லை. சோப்பு கேட்டால் "கண்டிப்பா சார்" என்கிறார்கள். அடுத்த முறை கேட்டாலும் அதே சிரிப்பு, அதே "கண்டிப்பா சார்". அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு குளிக்கவா முடியும்?

காலைப் பலகாரம் பத்து மணிவரை. ஒன்பது இருபதுக்கே இட்லிப் பாத்திரம் காலி. தோசைக்கு டோக்கன். டோக்கனோடு நின்றவரை அணில் வேஷக்காரர் ஒருவர் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடச் சொல்லியிருக்கிறார்.

"அறுபத்தஞ்சு வயசு மனுஷன் டீச்சர்! பசியோட நிக்கறவனை ஆடுன்னா?"

எங்களில் ஒருவனான பாக்கியநாதன் சிரித்துவிட்டான். ஏகாம்பரம் சார் அவனைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

"இதெல்லாம் தூசு. அடுத்தது கேளுங்க."

அந்த ஓட்டலின் பெருமையே மதியம் போடும் 'கல்யாணப் பந்தி' தானாம். பந்தல் போட்டு வாழைமரம் கட்டியிருக்கிறார்கள். பட்டுவேட்டி கட்டிய ஒருவர் வாசலில் கும்பிட்டு நின்று பன்னீர் தெளித்து, "வாங்க வாங்க, இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடித்து அழைக்கிறார். அவர் சட்டையில் குத்தியிருக்கும் வில்லையில் 'சம்பந்தி' என்று எழுதியிருக்கிறது. சாம்பார் வாளி தூக்குகிறவர் வில்லையில் 'தாய்மாமன்'. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு பந்தி. நேரம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் கெட்டிமேளம். அது முழங்கினால் எழுந்துவிட வேண்டும்.

"கெட்டிமேளம் தாலி கட்டறதுக்குய்யா!" என்று நானே கத்திவிட்டேன். "எழுந்து போன்னு சொல்றதுக்கா?"

"அது முழங்கறதுக்குள்ளயே நடந்துடுச்சு தம்பி. அதைத்தான் சொல்ல வர்றேன்."

கடைசி வரிசை. சுவரோரம் கடைசி இலை பரிமளம் அம்மாவுக்கு. பக்கத்து இலை ஏகாம்பரம் சாருக்கு. இலையைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு முகமே மலர்ந்துவிட்டதாம். யாருக்கும் தன் கை தெரியாத மூலை. நிதானமாகச் சாப்பிட்டிருக்கிறார். வத்தக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கியிருக்கிறார். ரசம் முடிந்து தயிர்சாதத்துக்கு வந்தபோது அந்தச் சம்பந்தி நேரே வந்தார். இலையின் மேல்பாதியைப் பிடித்தார். உள்ளே சாதம் இருக்க, ஊறுகாய் இருக்க, மடித்தார். சுருட்டி வாளியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அம்மாவின் விரலில் தயிர்சாதம் அப்படியே இருந்திருக்கிறது.



பாக்கியநாதன்தான் முதலில் வெடித்தான். "அடப்பாவிங்களா! பக்கத்துல ஒருத்தர் சாப்பிட்டுக்கிட்டிருந்தா நாம எழுந்திருக்கவே யோசிப்போமே. சாப்பிடறவங்க இலையையா மடிப்பாங்க? இதை எங்க ஊர்ல செஞ்சா வெட்டுக்குத்து ஆயிடும்!"

எனக்கும் கை பரபரத்தது. வில்லையில் சம்பந்தி என்று எழுதிக்கொண்டவன், நிஜச் சம்பந்தி வீட்டில் இதைச் செய்துவிட்டு உயிரோடு திரும்புவானா? பன்னீர் தெளிக்கச் சொல்லிக்கொடுத்த ஓட்டல், பந்தியில் இருப்பவர் முகத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. பசிக்கு வந்தவரை விரட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கும்பிட்டு உட்காரவைத்து விரட்டுவதை எப்படிப் பொறுப்பது?

டீச்சர் முகம் சிவந்திருந்தது. அவர் கோபப்பட்டு நாங்கள் அதிகம் பார்த்ததில்லை.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. கை கழுவிட்டு வந்து, போலாம்னா. அவ்வளவுதான்." ஏகாம்பரம் சாரின் குரல் இறங்கியது. "இன்னிக்கு இருபது நாள் ஆச்சு டீச்சர். என்கூட உட்கார்ந்து சாப்பிடறதே இல்ல. நாப்பது வருஷமா எனக்குத் தட்டு வெச்சா தனக்கும் பக்கத்துல வெச்சுக்குவா. இப்போ எனக்குப் போட்டுட்டு உள்ள போயிடறா. கூப்பிட்டா, 'நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்'கறா. அப்புறம் சமையலறையில தனியா, சுவத்தைப் பார்த்துக்கிட்டுச் சாப்பிடறா. எனக்கு ஒரு வாய் இறங்க மாட்டேங்குது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதனாலதான் எழுதியிருக்கேன். அந்த ஓட்டல் முதலாளி எங்க வீட்டுக்கு வந்து அவகிட்ட நேர்ல மன்னிப்புக் கேட்கணும். அந்தச் சம்பந்தி ஆளை வேலையை விட்டு எடுக்கணும். நான் கோபப்படறது தப்பா டீச்சர்?"

"தப்பே இல்ல சார். எனக்கும்தான் கோபம் வருது. சாப்பிடறவங்க இலையில கை வைக்கறது அநியாயம். குடுங்க, திருத்தித் தர்றேன்."

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பொறுமையைப் பற்றி ஏதாவது சொல்வார், நானும் ஒரு வாக்குவாதம் செய்யலாம் என்று காத்திருந்தேன். டீச்சரோ சிவப்புப் பேனாவை எடுத்து, பள்ளிப் பிள்ளையின் கட்டுரையைத் திருத்துவதுபோல் மும்முரமாகத் திருத்த ஆரம்பித்தார்.

"'இலையை பறித்தனர்'னு எழுதியிருக்கீங்க. ப் வரணும் சார்."

"போட்டுடுங்க."

"'அவமறியாதை' இல்ல. சின்ன ர."

"கோபத்துல எழுதினது டீச்சர்."

பக்கங்கள் புரண்டன. ஐந்தாம் பக்கத்தில் பேனா நின்றது. டீச்சர் ஒருமுறை படித்தார். முந்தைய பத்திக்குப் போய்த் திரும்பவும் படித்தார்.

"சார், நேரமெல்லாம் சரியாப் போட்டிருக்கீங்களா?"

"அதுல தப்பே இருக்காது. முப்பத்தஞ்சு வருஷம் மின்தடை நேரம் குறிச்சவன் நான். நிமிஷம்கூடப் பிசகாது."

"பதினொண்ணாவது புகார்ல, பகல் ஒண்ணு இருபத்தஞ்சுக்கு அம்மா இலையை மடிச்சாங்கன்னு இருக்கு."

"ஆமா. பந்தி முடிய இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்துச்சு. அதையும் எழுதியிருக்கேன் பாருங்க."

"பத்தாவதைப் படிக்கறேன். 'எங்கள் வரிசைக்குப் பாயசம் தீர்ந்துவிட்டது என்றார்கள். பகல் ஒன்று இருபது முதல் ஒன்று முப்பத்தைந்து வரை, புகார்ப் புத்தகத்தைத் தராமல் வரவேற்பு மேசையில் என்னை நிற்கவைத்தார்கள்.'"

"கால் மணி நேரம் டீச்சர்! ஒருத்தன் இன்னொருத்தனைக் கைகாட்டறான், அவன் வேற ஒருத்தனை..."

"அப்போ ஒண்ணு இருபத்தஞ்சுக்கு நீங்க வரவேற்பு மேசையில இருந்தீங்க."

"ஆமா."

"அம்மா?"

"பந்தியில."

"இலையை மடிச்சதை நீங்க பார்க்கல."

"எதிர் வரிசையில ஒரு அம்மா இருந்தாங்க. அவங்கதான் சொன்னாங்க. நான் திரும்பி வந்தப்போ இவ வெறும் மேசைக்கு முன்னாடி கையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. பந்தலே காலி."

டீச்சர் தாளை மடிமேல் வைத்துக்கொண்டார்.

"அம்மா பாயசம் கேட்டாங்களா சார்?"

"இல்ல. அவளுக்கு இனிப்பே ஆகாது."

"புகார் எழுதப் போகச் சொன்னாங்களா?"



"விட்டுடுங்கன்னா. சாப்பிட்டுட்டுச் சேர்ந்து போலாம்னா. எப்பவும் அப்படித்தான் சொல்லுவா. தப்பை எப்படி டீச்சர் தப்புன்னு தெரிஞ்சும் விடறது? இருக்கு இருக்குன்னு சொல்லிட்டு இல்லேன்னா கேட்கக் கூடாதா?"

"கேட்கலாம். எழுந்து போறப்போ உங்க இலையை என்ன செஞ்சீங்க?"

"மடிச்சுட்டுத்தான் எழுந்தேன். அந்த மரியாதைகூடவா எனக்குத் தெரியாது?"

டீச்சர் மடியில் இருந்த தாளை எடுத்தார். பிறகு கடைசிப் பக்கத்தையும் விடாமல் படித்து, விட்டுப்போன ஒரு புள்ளியை வைத்து, ஆறு தாள்களையும் அடுக்கி அவரிடம் நீட்டினார்.

ஏகாம்பரம் சார் வாங்கிக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"ஓட்டல்காரன் வந்து மன்னிப்புக் கேட்டுட்டா, அவ பழையபடி என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுவா இல்லையா டீச்சர்?"

"மனுவைத் தாராளமா போடுங்க சார். அந்த ஆள் செஞ்சது அநியாயம்தான்," என்றார் டீச்சர். "ஆனா அவர் மடிச்சது ரெண்டாவது இலை."