குனிந்தே வரும் சுமைகாரி

செல்லுக்குள் இருந்தவையெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆர்.என்.ஏ. குலத்தில் நெடியாள் என்றொருத்தி இருந்தாள். எழுபத்தாறு எழுத்துகளைக் கோத்த ஒற்றை இழை அவள். விறைப்பாக நிமிர்ந்துதான் நடப்பாள். வளைந்தால் உயரம் குறைந்துவிடும் என்று அப்படியொரு மிதப்பு.

அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகச் சுமந்துபோய் ரைபோசோம் அண்ணாச்சியிடம் கொடுப்பது அவள் வேலை. எந்த அமிலத்துக்குப் பின் எது என்று மூன்று மூன்று எழுத்தாக எழுதிய சீட்டைப் பார்த்து அவர் அவற்றை மணி மணியாகக் கோத்துப் புரதம் செய்வார். அன்றைக்கு அவர் செய்துகொண்டிருந்தது, செல்லுக்குள் தண்ணீர் வருவதற்கான கதவு.

"அடுத்தது செரின். வெரசாக் கொண்டா தாயி," என்றார்.

செரினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இடுக்கிக்கொள்ள உடம்பில் ஒரு மடிப்பும் இல்லை. பாதி வழியில் அது நழுவி எங்கோ விழுந்துவிட்டது. வெறுங்கையோடு போய் நிற்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த லூசின் என்ற வேறோர் அமிலத்தை எடுத்து நீட்டினாள்.

"செரின்தானே?"

"பின்னே? நான் பொய்யா சொல்லுதேன்?"

அண்ணாச்சி நம்பிக் கோத்துவிட்டார். கதவு திறக்கவே இல்லை. செல் முழுவதும் வறண்டு போனது. எல்லோரும் அண்ணாச்சியைத்தான் திட்டினார்கள். கண் அவிந்து போச்சா என்று கேட்டவர்களும் உண்டு. அவர் கோத்ததைப் பிரித்துக்கொண்டிருந்தார். பார்த்து நின்ற நெடியாளுக்கு உயிரே கூசியது.

"அண்ணாச்சி, நான்தான்... செரின் வழியிலே விழுந்துட்டு. கையில கெடச்சதைக் கொடுத்துட்டேன்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "ஒன்னைய நம்புனேனே தாயி," என்றார், அவ்வளவுதான்.

நெடியாள் வெட்கத்தில் கூனிக் குறுகினாள். முகத்தை உடம்புக்குள் புதைத்தாள். அவள் எழுத்துகளில் ஏ-யும் யூ-வும் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். ஜி-யும் சி-யும் அப்படித்தான். உடம்பு உடம்போடு ஒட்டி மூன்று வளைவுகளாகிவிட்டது. நிமிரப் பார்த்தாள், முடியவில்லை.

அண்ணாச்சி உற்றுப் பார்த்தார். ஒரு வளைவில் மூன்று எழுத்துகள் வெளியே தெரிந்தன. மறுமுனையில், ஒரே ஒரு சுமையைப் பற்றிக்கொள்ளத் தோதாக ஒரு நுனி நீண்டிருந்தது.

"சீட்டுல செரினுக்குள்ள மூணு எழுத்துக்கு இது ஜோடில்லா! இனி இதைக் காட்டிட்டுச் சுமையைக் கொடு."

போய்ச் செரினைக் கொண்டுவந்தாள். இந்தமுறை நழுவவில்லை. கதவு திறந்தது, தண்ணீர் வந்தது. அவள்தான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்று முதல்தான் அவள் வம்சத்தார் மடங்கிய உடம்போடு சுமை தூக்குகிறார்கள். அண்ணாச்சியும் மூன்று எழுத்தைச் சரிபார்த்த பிறகே வாங்குகிறார். வாய்ச்சொல்லை நம்பி அவர் அதற்கப்புறம் ஒரு மணிகூடக் கோத்ததில்லை.