நாற்பத்தாறு மீட்டர்

நூற்பாலை மூடிய பிறகு கலியமூர்த்தி, வீடுகளுக்கு இன்டர்நெட் கேபிள் இழுக்கும் வேலையை ஜெயசீலியிடம் கற்றுக்கொண்டார். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. ஜெயசீலிக்கு முப்பத்தாறு. அவர் ஜெயசீலியை டீச்சர் என்பார். ஜெயசீலி அவரை அண்ணே என்பார்.

ஒரு புதன்கிழமை காலையில் கலியமூர்த்தி டீச்சரின் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"டீச்சர், மோட்டாரைத் தாங்குற மாதிரி நீளமான கேபிள் எது?"

"யார் வீட்டுக்கு?"

"மாவு மில் வீட்டுக்கு."

கலியமூர்த்தி தனியாகப் போய் வேலை செய்த முதல் வீடு அது. கும்பகோணத்தில் சில தெருக்களில் வீடுகளுக்கு அகலம் கிடையாது, நீளம் மட்டும்தான். அந்த வீட்டின் வாசல் பக்கம் உத்திராபதியின் மாவு மில். கொல்லைப் பக்க அறையில் அவர் மனைவி தமயந்தி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கம்பெனிக்கு வருகிற போன்களுக்குப் பதில் சொல்கிறாள். நெட் பெட்டி வாசலில் இருந்தது. நடுவில் ஐந்து சுவர். வைஃபை எட்டவில்லை. கலியமூர்த்தி வாசலிலிருந்து கொல்லை வரை கேபிள் இழுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் பேசும்போது பாதியில் அறுந்தது.

"மில் மோட்டார்தான் காரணம்னு சொன்னேன். பாவம், உத்திராபதி தினமும் காலையிலேர்ந்து அந்தப் பொண்ணு வேலை முடியிற வரைக்கும் மில்லை நிறுத்திட்டார்."

"சரியாச்சா?"

"இல்லை. மோட்டார் நின்னாலும் அதுக்கு வர்ற லைன்ல கரண்ட் இருக்கும்ல, அதனாலன்னு சொன்னேன்."

ஜெயசீலி கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"இப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர் பொழப்பை விடணும்னு ஆயிடுச்சு டீச்சர். நான் வேலையை விடுறேன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. வேண்டாம், நான் மில்லை விடுறேங்கிறார் அவர். விட்டுக்கொடுக்கிறதுலயே சண்டை. நாளன்னிக்கு நாச்சியார்கோயில்லேர்ந்து ஒருத்தர் மோட்டாரைக் கழட்டிட்டுப் போக வர்றார்."

"நீங்க என்ன செய்யணும்கிறீங்க?"

"உள்ளே வெள்ளித்தாள் சுத்தி ஒரு கேபிள் வருதே, அதைப் போட்டா நிக்கும். என் கைக்காசு போனாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டே ஆகணும்."

ஜெயசீலி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

மில்லில் சத்தம் இல்லை. உத்திராபதி மோட்டாரின் மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கோதுமை டப்பாவோடு வந்த ஒரு பெண்மணி வாசலிலேயே நின்றார்.

"இன்னிக்கும் இல்லையா? மில்லுக்கு லீவா, உங்களுக்கு லீவா?"

"மதியம் மூணு மணிக்கு மேல வாங்கக்கா."

"மூணு மணிக்கு அரைச்சு, ராத்திரிக்குத்தான் சப்பாத்தியா? பெரிய தெருவுலயே கொடுத்துக்கிறேன்."

அந்தப் பெண்மணி போனதும் உத்திராபதி கலியமூர்த்தியைப் பார்த்துச் சிரித்தார். கோபமாக இருந்திருந்தால் கலியமூர்த்திக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வாங்கண்ணே. உங்களை நம்பித்தான் உட்கார்ந்திருக்கேன். இன்னும் ரெண்டு நாள். அப்புறம் இந்தச் சாக்குக்கும் வேலை இல்லை."

ஜெயசீலி நெட் பெட்டியின் அருகே போனார். பெட்டியைத் தொடவில்லை. அதிலிருந்து கிளம்பிய நீலக் கேபிளை மட்டும் விரலால் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, மொத்தம் எத்தனை மீட்டர்?"

"நாற்பத்தாறு."

"எப்படி அளந்தீங்க?"

"நடந்து பார்த்தேன். நாற்பது வந்துச்சு. ஏத்த இறக்கம் ஆறு."

"இழுக்கிறதுக்கு முன்னாடியே ஆறு சேர்த்தீங்களா?"

கலியமூர்த்தி பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"சரி, இந்த முனையில என்ன நம்பர் இருக்கு? படிங்க."

கேபிளின் உறையில் மீட்டருக்கு ஒரு எண் அச்சடித்திருக்கும். கேபிள் டப்பாவில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேலைக்காரர்களுக்கு உதவும். கலியமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"நூத்திப் பதினெட்டு."

"கொல்லையில என்ன நம்பர்னு பார்த்துட்டு வாங்க."

அவர் நடந்தார். கூடத்தைத் தாண்டினார். முற்றத்தைத் தாண்டினார். அடுப்படியில் சோறு கொதித்து, ஆவி மேலே பரண் வரை போய்க்கொண்டிருந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை. கொல்லை அறையில் தமயந்தி, "சார், கேக்குதா சார்? சார்?" என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கலியமூர்த்தி சுவரோரம் குனிந்து எண்ணைப் பார்த்தார். பார்க்காமலே அவருக்குத் தெரியும். நூற்றுப் பதினெட்டில் தொடங்கிய கேபிள் நாற்பத்தாறு மீட்டர் தாண்டி நூற்று அறுபத்து நான்கில் முடிய வேண்டும். எண்கள் இறங்குவரிசையில் போனால் எழுபத்திரண்டில் முடிய வேண்டும்.

முப்பத்தொன்று என்று இருந்தது.

திரும்பி நடக்கும்போது அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். மோட்டார் என்று சொன்னபோது நான் அதை நம்பினேனா? நம்பினேன் என்றுதான் தோன்றியது. நம்புவதற்கு எவ்வளவு பாடுபட்டேன் என்றும் தோன்றியது. இப்போது நூற்று அறுபத்து நான்கு என்று சொன்னால் டீச்சர் போய்ப் பார்க்க மாட்டார். அவர் யாரையும் சோதித்ததில்லை.

வாசலுக்கு வந்து சேர்ந்தார். உத்திராபதி சமையலுக்கு ஏதோ வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

"முப்பத்தொன்னு, டீச்சர்."

ஜெயசீலி தலையை மட்டும் ஆட்டினார்.

"நடந்த கணக்குல நாற்பது மீட்டர் மட்டும் வெட்டி எடுத்துட்டு வந்தேன். ஆறு மீட்டர் பத்தலை. பழைய துண்டு ஒண்ணு பையில இருந்துச்சு. ஒரே ஒரு இடத்துலதான் ஒட்டு."

"எங்க?"

"அடுப்படிப் பரண்ல."

"அடுப்புக்கு மேலயா?"

"ஆமா."

"டெஸ்டர்ல?"

"எட்டுக் கம்பிக்கும் எட்டு விளக்கு எரிஞ்சுது. அதைப் பார்த்துட்டுத்தான் விட்டேன்."

"அன்னிக்கு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேண்ணே."

"முதல் வீடு. நீளம் அளக்கத் தெரியலைன்னு எப்படிச் சொல்றது? இந்த வயசுல."

"நான் முதல் வீட்டுல சுவரைத் துளைக்கிறேன்னு தண்ணிக் குழாயைத் துளைச்சேன். அந்த வீட்டுல இன்னும் என்னைக் குத்தாலம் அருவின்னுதான் கூப்பிடுவாங்க." ஜெயசீலி கேபிளிலிருந்து கையை எடுத்தார். "டப்பா வண்டியில இருக்கு. எடுத்துட்டு வாங்க."

கலியமூர்த்தி நின்றார்.

"ஒட்டு இருக்குன்னு தெரிஞ்சுதான் கொண்டுவந்தீங்களா?"

"டப்பா எப்பவும் வண்டியிலதான் இருக்கும்."

தமயந்தி கம்பெனியில் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு வாங்கினாள். ஜெயசீலி முற்றத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். எந்த உதவியும் செய்யவில்லை. கலியமூர்த்தி கேட்கவும் இல்லை.

இந்தத் தடவை அவர் நடந்து அளக்கவில்லை. டப்பாவை வாசலில் வைத்தார். கேபிளின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, அது போக வேண்டிய வழியிலெல்லாம் தானும் போனார். சுவரில் ஏறும் இடத்தில் ஏணி போட்டு ஏறினார். நிலைக்கு மேல் கொண்டுபோனார். இறங்கும் இடத்தில் இறங்கினார். கொல்லை அறைக்குப் போன பிறகும் இரண்டு சுற்று அதிகமாக இழுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் வாசலுக்குத் திரும்பி வந்து வெட்டினார்.

முழங்கால் வலித்தது. உத்திராபதி ஏணியைப் பிடிக்க வந்தார்.

"நீங்க உட்காருங்க."

"உட்கார்ந்து உட்கார்ந்துதாண்ணே இப்படி ஆயிட்டேன். மில் நின்னதுலேர்ந்து சமையல்கூட நான்தான். வீட்டுக்காரி உப்பு சரியில்லைங்கிறா. அதுக்கும் மோட்டார்தான் காரணமா?"

கலியமூர்த்தி சிரிக்க முயன்றார்.

பழைய கேபிளைப் பரணிலிருந்து உருவும்போது ஒட்டு கையில் வந்தது. மேலே சுற்றிய நாடா பிசுபிசுத்தது. உள்ளே செம்புக் கம்பிகள் கறுத்து, ஈரமாக இருந்தன. கீழே யாரும் இல்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மிச்சத்தைச் சுருட்டிக் கீழே போட்டார்.

இரண்டு முனையிலும் பின்னை அமுக்கி முடித்தபோது மணி பன்னிரண்டு. டெஸ்டரை மாட்டினார். எட்டு விளக்கு எரிந்தது. முதல் தடவையும் இதே மாதிரிதான் எரிந்தது. அவர் டெஸ்டரைப் பைக்குள் வைத்துவிட்டு, வாசலிலிருந்து கொல்லை வரை இன்னொரு தடவை நடந்து, கேபிளை ஒவ்வொரு மீட்டராகக் கையால் தடவிப் பார்த்தார். எண்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன.

தமயந்தி வேலையில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் எல்லோரும் வாசலில் காத்திருந்தார்கள். கொல்லையிலிருந்து அவள் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. சொல்லுங்க மேடம். எழுதிக்கிட்டேன் மேடம். வேற ஏதாவது வேணுமா மேடம்.

ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடி அவள் வாசலுக்கு வந்தாள்.

"ஒரு தடவைகூட அறுந்துபோகலைண்ணே. இது என்ன கேபிள்?"

"ஏம்மா?"

"மோட்டாரைத் தாங்குற கேபிள்தானே? பேரைச் சொல்லுங்க, இவர் காதுல விழட்டும். நான் சொன்னா நம்ப மாட்டார். நாச்சியார்கோயில்காரரை வர வேண்டாம்னு இப்பவே சொல்லிடலாம்."

உத்திராபதி மோட்டாரின் மேல் கையை வைத்துக்கொண்டு கலியமூர்த்தியையே பார்த்தார். அந்த முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை.

கலியமூர்த்தியின் நாக்கு நுனியில் ஒரு பெயர் இருந்தது. வெள்ளித்தாள் சுற்றிய கேபிளின் பெயர். அதைச் சொன்னால் மில் ஓடும். தமயந்திக்கும் வேலை போகாது. யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. சட்டைப் பை கனத்தது.

"ஒரு நிமிஷம்மா," என்று தெருவில் இறங்கினார்.

ஜெயசீலி டப்பாவை ஸ்கூட்டரில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், உள்ளே கேக்குறாங்க. என்ன கேபிள்னு சொல்லட்டும்?"

ஜெயசீலி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"போன தடவை போட்ட அதே கேபிள்னு சொல்லுங்கண்ணே."