வீரனுக்கு எதற்கு ஏபிஎஸ்?

திருப்பூரில் வீடியோ கேம் கூடம் நடத்திய குணசீலனுக்கு ஒரே பிடிவாதம். கார் பந்தய விளையாட்டில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் வசதியைப் போட்டு ஓட்டுவது கோழைத்தனமாம். அதை எல்லா சீட்டிலும் அணைத்து வைத்தார். பிரேக்கை மிதித்ததும் சக்கரம் இறுகி, வளைவுக்கு வளைவு கார் சுவரில் முட்டியது. ஆட வந்தவர்களின் திட்டெல்லாம் அங்கே வேலை பார்த்த மெஹருன்னிசாவுக்குத்தான்.

“ஏபிஎஸ் போடக்கூடாது, காரும் சறுக்கக்கூடாது. முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே” என்றார் குணசீலன்.

மெஹருன்னிசா எத்தனை தடவைதான் விளக்குவாள்? சுவரிடம் சொல்லியிருந்தால் அதுவாவது நகர்ந்திருக்கும்.

“சரிங்கண்ணா. இந்த ரெண்டு சீட்டுல ஒண்ணுல மட்டும் ஏபிஎஸ் போட்டிருக்கேன். எதுன்னு ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்க.”

“என் காலுக்குத் தெரியாதாக்கும்!”

கூட்டம் சேர்ந்துவிட்டது. முதல் சீட்டில் அவர் கார் பம்பரமாய்ச் சுற்றியது. இரண்டாவதில் பந்தயத்தையே ஜெயித்தார்.

“இதுதாம்மா வீரன் ஓட்டுற வண்டி! ஏபிஎஸ் அந்தச் சனியன்லதான் இருக்கு.”

மெஹருன்னிசா இரண்டு திரையிலும் செட்டிங்கைத் திறந்து காட்டினாள். ஏபிஎஸ் இருந்தது அவர் ஜெயித்த வண்டியில். கூடமே சிரித்தது.

“அப்போ இந்த வீரத்தை எல்லா சீட்டுலயும் போட்டுடட்டுங்களாண்ணா?”

குணசீலன் சீட்டைவிட்டு இறங்காமலே சொன்னார்: “போடு, போடு. இந்த சீட்டுல மட்டும் எதையும் மாத்திடாதே.”