வாக்கா வானமேறிய கதை

அந்தக் காலத்தில், ஆடுமாடுகளும் ஒட்டகங்களும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், ஆப்பிரிக்காவின் கிழக்கே மாடு மேய்த்து வாழும் பொரானா மக்கள் வானத்தை வாக்கா என்றார்கள். கடவுளுக்கு வேறொரு பெயர் இருந்தது. அவர் அப்போது வானத்தில் இல்லை. கிணற்றில், அவர்களோடு வேலை செய்துகொண்டிருந்தார்.

அந்த ஊர்க் கிணறுகள் படுபாதாளம். படிக்கு ஒருவராக நின்று, பாட்டுப் பாடிக்கொண்டே தோல்வாளியைக் கைமாற்றி மேலே ஏற்றவேண்டும். கடவுள் மேல்படியில் நின்று வாளியை வாங்கித் தொட்டியில் ஊற்றுவார். கூடப் பாடவும் செய்வார்; குரல் மட்டும் கொஞ்சம் சுமார்தான்.

ஒரு வருஷம் கடும் பஞ்சம். தார்மி என்ற பெண்ணின் மந்தையில் ஒரே பசு மிஞ்சியது. அதன் மடியில் பால் இருந்தால்தான் அவள் கைக்குழந்தை பிழைக்கும். முறைப்படி அன்று தண்ணீர் அவளுக்கு. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, கடவுளுக்கு அடுத்த கீழ்ப்படியில் நின்று வாளியை நீட்டினாள்.

அப்போது எங்கிருந்தோ ஒரு பெண் ஒட்டகம் குட்டியோடு தள்ளாடி வந்தது.

"எங்களுக்கு இங்க முறை இல்லைதான். என் குட்டி விழுந்துடும்போல இருக்கு. ஒரு வாய் குடுங்க," என்றது.

கடவுள் வாளியைக் குட்டியின் பக்கம் சாய்த்தார். தார்மி பாய்ந்து அதைப் பிடித்தாள்.

"இது என் முறை. விடுங்க."

இருவர் கையும் இழுத்ததில் வாளி கவிழ்ந்தது. மண் அத்தனையையும் குடித்துவிட்டது. அடிப்படியிலிருந்து ஒருவன், "ஊத்து நின்னுபோச்சு," என்றான்.

"முறை வச்சவனே நான்தான், தார்மி," என்றார் கடவுள். "தாகம் முறை பாத்தா வருது?"

அவர் திரும்பி ஏறினார். மேல்படிக்கு மேலே படி கிடையாது. ஆனாலும் ஏறிக்கொண்டே போனார்.

தார்மி பதறி அவர் பெயரைச் சொல்லி அழைத்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பெயரையும் அவர் கையோடு கொண்டுபோய்விட்டார். முதுகில் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அண்ணாந்து பார்த்தவளுக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. அதன் பெயரையே சொன்னாள்.

"வாக்கா, தப்புப் பண்ணிட்டேன். முதல்ல அந்தக் குட்டிக்குக் குடு."

மழை வந்தது. தொட்டியில் தேங்கியதை ஒட்டகக்குட்டி முதலில் குடித்தது, பிறகு பசு. குழந்தை பிழைத்துக்கொண்டது. அவர் மட்டும் இறங்கி வரவில்லை.

அன்று முதல்தான் அந்த மக்களின் பேச்சில் வானத்துக்கும் கடவுளுக்கும் வாக்கா என்று ஒரே சொல். மேல்படியில் இப்போது நிற்பதும் மனிதர்தான்.