காளான் சூரணமும் நோயற்ற மூவரும்

முன்னொரு காலத்தில், எதிரிக்கும் பேய்க்கும் பயப்படாமல் சாவுக்கு மட்டும் பயப்படும் ஓர் அரசர் இருந்தார். அவருடைய அப்பா நாற்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தவர். இவருக்கு நாற்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் சபைக்கு வந்ததும் நாக்கை நீட்டிக் காட்டி, "எப்படி இருக்கிறேன்?" என்று கேட்பார். "இருபது வயதுப் பிள்ளை போல!" என்று மந்திரி முதல் வாயிற்காப்பான் வரை ஒரே குரலில் சொல்வார்கள்.

இந்தப் பயத்தை நம்பிப் பிழைத்தவர் அரண்மனை வைத்தியர் பூரணர். மலைச்சரிவில் பட்டுப்போன மரங்களில் முளைக்கும் ஒரு காளானைக் காயவைத்து இடித்து, "தினம் ஒரு சிட்டிகை, வெந்நீரில். நோய் இல்லை, சோர்வு இல்லை, கவலை இல்லை" என்று கொண்டுவந்து நீட்டினார். அரசர் அதற்காகவே விடியற்காலையில் எழுந்து குளித்தார். ஒரே மாதத்தில் உடம்பு லேசாகிவிட்டதாகச் சொன்னார். சூரணத்தால் லேசானதா, மத்தியானம் வரை தூங்குவதை விட்டதால் லேசானதா என்று கேட்க அங்கே யாருக்கும் வாய் இல்லை, ஒருவனைத் தவிர.

அவன்தான் சபையின் விகடகவி, சுருளி. "மன்னா, ஒரு மாதம் சூரணத்தை நிறுத்திவிட்டு வெந்நீரை மட்டும் குடித்துப் பாருங்கள். இரண்டில் எது வைத்தியம் என்று தெரிந்துவிடும்" என்றான். அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். பூரணர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சுருளியைக் கண்டாலே ஆகாது.

அரசர் குடிப்பதை ஊரும் குடிக்க ஆசைப்பட்டது. மரக்காளான் எத்தனை நாளைக்கு வரும்? பறிக்கப் போனவர்கள் தரையில் குடை விரித்து நின்றதையெல்லாம் கூடையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். காயவைத்து இடித்துவிட்டால் நல்லதும் கெட்டதும் ஒரே நிறம்.

இங்கே அந்த அரண்மனையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசர் வாயில் படுவதை முதலில் வேறொருவர் தின்று பார்க்க வேண்டும். தின்றதும் நாழிகை வட்டிலைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். அடியில் ஓட்டை போட்ட செம்புக் கிண்ணம் அது. ஒரு நாழிகையில் நிரம்பி மூழ்கும். அது மூழ்கும்போது தின்றவர் நின்றுகொண்டிருந்தால் அரசர் சாப்பிடுவார். பாட்டன் காலத்தில் யாரோ பாயசத்தில் விஷம் வைத்தார்களாம், அரை நாழிகையில் ஆள் சுருண்டானாம். அன்றிலிருந்து எல்லா விஷமும் ஒரு நாழிகைக்குள் வேலை செய்தாக வேண்டும் என்று அரண்மனை முடிவு கட்டிவிட்டது.

சூரணம் வந்த ஒரு வருஷத்தில் தின்று பார்ப்பவர்கள் மூன்று பேர் செத்தார்கள். செல்லாண்டி, வயிரவன், கோட்டையன். மூவரும் வட்டில் மூழ்கும்போது கல்லுப் போல நின்றவர்கள்தான். பிறகு வீட்டுக்குப் போய்ச் செத்தார்கள். "விஷக் காய்ச்சல்" என்றார் பூரணர்.

கோட்டையன் சுருளியின் சிநேகிதன். கடைசி மூன்று நாளும் சுருளி பக்கத்திலேயே இருந்தான். முதல் நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் கோட்டையனுக்கு வயிற்றைப் பிசைந்தது. வாந்தியும் பேதியுமாகக் கிடந்தான். மறுநாள் எல்லாம் நின்று, எழுந்து உட்கார்ந்து கேலி பேசிக் கஞ்சி குடித்தான். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகி, பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். சுருளிக்கு அந்த இரண்டாம் நாளைத்தான் மறக்க முடியவில்லை.

காலியான இடத்துக்குப் பூரணர் ஓர் ஆளைச் சொன்னார். "விகடகவியின் தங்கை மயிலி இருக்கிறாளே, புருஷனை இழந்து சும்மாதானே இருக்கிறாள்? சூரணத்தைக் கேலி செய்யும் வீட்டுக்கும் அதன் பலன் போகட்டும்." அரசருக்கு அது நல்ல வேடிக்கையாகப் பட்டது. மயிலி மறுநாளே வேலைக்குப் போனாள்.

எட்டாம் நாள் காலை அவள் அரண்மனையிலிருந்து திரும்பி வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, இன்னைக்குப் புது மூட்டை பிரிச்சாங்க. நேத்து வரைக்கும் கசந்துச்சு. இது அப்படி ஒரு ருசி!"

"பழைய மூட்டை தீந்துபோச்சா?"

"அது இருக்கு. நடுவுல ஒண்ணு பிரிச்சாங்களாம், கோட்டையண்ணன் தின்னது. அவரு செத்த அன்னைக்கே வைத்தியரு அதைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லிட்டாராம். வயிரவன் செத்தப்பவும் அப்படித்தானாம், இடிக்கிற பொம்பளைங்க சொன்னாங்க. ஏன்ணே, ஆளு காய்ச்சல்ல செத்தா மூட்டையை எதுக்குப் புதைக்கணும்?"

சுருளி கூட்டிக் கழித்துப் பார்த்தான். ஆள் செத்தால் மூட்டை குழிக்குப் போகிறது. பிழைத்தால் அரசருக்கும் ஊருக்கும் போகிறது. பூரணருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! தெரிந்தவரிடம் மாற்று மருந்தும் இருக்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்து கேட்டால், "எந்த விஷத்துக்கு மாற்று?" என்பார். முதலில் விஷம் என்று அவர் வாயாலேயே வர வேண்டும். சாயங்காலத்துக்குள் வர வேண்டும். தங்கையிடம் ஒன்றும் சொல்லாமல் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடினான்.

சபையில் அரசர் அப்போதுதான் சூரணத்தைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூரணர், கையில் வெள்ளிச் சிமிழ்.

"மன்னா, இந்தச் சூரணம் ஆளைக் கொல்கிறது."

அரசர் முகம் வெளுத்துவிட்டது. பூரணர் நிதானமாக எழுந்தார்.

"பொறாமை பேசுகிறது, மன்னா. ஒரு சோதனை வைப்போம். ஒரு நாள்கூடத் தவறாமல் இதை உண்டவர்களை இன்று பொழுது சாய்வதற்குள் இவன் காட்டட்டும். அவர்களில் ஒருவருக்கு ஒரு தலைவலி இருந்தாலும் நான் என் உரலை உடைத்துவிடுகிறேன். நோய், சோர்வு, கவலை மூன்றும் இல்லாதவர்களாக இருந்தால் இவன் நாக்கை அறுத்துவிட வேண்டும்."

பூரணர் கணக்கு சரியான கணக்கு. அரசரின் மருந்தைக் குடித்துவிட்டு எனக்குத் தலைவலிக்கிறது என்று சொல்ல அந்த ஊரில் யாருக்குத் துணிச்சல் வரும்? அரசரும், "அப்படியே ஆகட்டும்" என்றார்.

"ஒப்புக்கொண்டேன், மன்னா. ஆனால் அவர்களால் நடந்து வர முடியாது. தாங்கள்தான் எழுந்தருள வேண்டும். வைத்தியரும் வரட்டும்" என்றான் சுருளி.

வெயில் தாழ்ந்த பிறகுதான் அரசர் புறப்பட்டார். பல்லக்கு சுருளி காட்டிய வழியில் ஊரைத் தாண்டி இடுகாட்டில் போய் நின்றது. வழியில் அவன் அரண்மனை இடிகூடத்துக்குள் மட்டும் நுழைந்து வெளியே வந்திருந்தான். மூன்று மண்மேடுகள். ஒன்றில் இன்னும் புல் முளைக்கவில்லை.

"செல்லாண்டி, வயிரவன், கோட்டையன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரு நாளும் தவறாமல் சூரணம் உண்டவர்கள். அரசருக்கும் முன்னால் உண்டவர்கள். மன்னா, விசாரித்துப் பாருங்கள். இவர்களுக்கு நோய் இல்லை. சோர்வு இல்லை. கவலை ஒரு துளி இல்லை. வைத்தியர் ஜெயித்துவிட்டார், என் நாக்கை அறுக்கச் சொல்லுங்கள். தாங்களும் விடாமல் குடித்து வாருங்கள், இதே சுகம் தங்களுக்கும் கிடைக்கும்."

பல்லக்குத் தூக்கிகள் தரையைப் பார்த்தார்கள். அரசர் மூச்சுக்கூட விடவில்லை.

சுருளி மடியிலிருந்து ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். "இது இன்று காலையில் பிரித்த புது மூட்டைச் சூரணம். என் தங்கை தின்று இருபது நாழிகை ஆகிறது. நன்றாகத்தான் இருக்கிறாள். அரண்மனை வழக்கப்படி இது சுத்தமான மருந்து. ஜெயித்த வைத்தியர் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்ளட்டும், நான் நாக்கை நீட்டுகிறேன்."

பூரணர் கை நீளவில்லை.

"உண்ணும்!" என்றார் அரசர்.

"உண்கிறேன், மன்னா... மூன்று நாள் ஆகட்டும், உண்கிறேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. அங்கேயே விழுந்து அரசரின் காலைப் பிடித்துக்கொண்டார். "தங்கள் சிமிழில் புது மூட்டைச் சூரணத்தை நான் ஒரு நாளும் போட்டதில்லை. தின்று பார்த்தவர் மூன்று நாள் தாண்டிய மூட்டையிலிருந்துதான் போடுவேன். தங்கள் உயிரைக் காக்கத்தான், மன்னா!"

"அப்படியானால், எனக்கு ஒன்றும் ஆகாது?"

"ஆகவே ஆகாது, மன்னா."

அரசர் மூச்சை விட்டார். மண்மேடுகளை ஒரு தடவை பார்த்தார். "நோய் இல்லை, சோர்வு இல்லை, கவலை இல்லை!" என்று சொல்லிப் பார்த்து, சிரிக்க ஆரம்பித்தார். பல்லக்கில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றிச் சுருளிக்குப் போட்டார். "இனிமேல் தின்று பார்க்கும் வேலை பூரணருக்கே!" என்று தீர்ப்பும் சொன்னார்.

சுருளி மாலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த பூரணரின் தோளைப் பிடித்து உலுக்கினான். "மாற்று மருந்து என்ன? சொல்லும்!"

பூரணர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் அப்போது பொய் இல்லை.

"இல்லை, அப்பா. இருந்தால் நான் ஏன் மூன்று நாள் காத்திருக்கிறேன்?"

அரசர் சிரித்துப் பரிசு கொடுத்ததும் இந்த மாதிரிக் கதையை முடித்துவிடுவது வழக்கம். கேட்பவர்களும் எழுந்து போய்விடலாம். நான் முடித்துவிடுவேன், ஆனால் சுருளி வீட்டுக்குப் போயாக வேண்டுமே.

அவன் போனபோது மயிலி விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. மாலையைப் பார்த்து, "அடேயப்பா! யாரை மொட்டையடிச்சே?" என்றாள்.

ஒருவேளை இது நல்ல மூட்டையாக இருக்கும். எத்தனை மூட்டை நல்லதாக இருந்திருக்கிறது! சுருளி அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். பல்லக்கு இடுகாட்டுக்குப் போனதிலிருந்து ஆரம்பித்து, அரசரைப் போல முழியை உருட்டி, பூரணரைப் போலக் கையை இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினான். மூன்று நாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த இடத்தில் பூரணர் பயந்து ஓடிவிட்டதாகச் சொன்னான்.

"ஓடிட்டாரா! அந்தத் தொந்தியைத் தூக்கிக்கிட்டா!" மயிலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து ஓய்ந்து, விளக்கை ஏற்றினாள்.

வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அண்ணே," என்றாள், "ரொம்பச் சிரிக்க வச்சுட்டே. வயித்தைப் புடிச்சு இழுக்குது பாரு."

சுருளி எழுந்து போய் அவளுக்குப் பாயை விரித்தான்.